அரைப் பேர்

ஆபிரிக்க மலைகளிலே பெருவேட்டை ஆடிய வெள்ளையர் எழுதிய நூல்களை ஆசிரியப் பயிற்சி பெற்ற நாட்களில் நான் ஆவலோடு படித்ததுண்டு. அவை எல்லாவற்றிலும் ஓர் அத்தியாயம் தவறாது வரும். விடியுமுன் கூடாரத்தை விட்டுப் புறப்படுதல், எலும்பைத் துளைக்கும் பனி, செங்குத்தான ஏற்றம், உடையைக் கிழிக்கும் முட்புதர், நண்பகலில் தாகம், பிற்பகலில் மிருகத்தின் அடிச்சுவடு, ஒரு வெடி, பின்னர் கால் கடுக்கத் திரும்பி நெருப்பருகே அமர்ந்து, அன்றைய தினம் மிகவும் பிரயாசையான தினம் என்று குறிப்பேட்டில் எழுதுதல். எழுதியவர் மெய்யாகவே களைத்திருப்பார். அதை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அதே ஏற்றத்தில் அவருக்கு முன்னும் பின்னும் ஏறியவர் வேறு சிலர் உண்டல்லவா? அவர்களுடைய களைப்பு எந்தக் குறிப்பேட்டில் ஏறிற்று என்பதே என் கேள்வி.

தியடோர் ரூஸ்வெல்ட் 1909 ஆம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதிப் பதவியிலிருந்து இறங்கிய கையோடு கிழக்காபிரிக்கா சென்றார். கென்யா மலைச்சாரலின் அடர்காட்டில் அவர் தம் முதல் யானையைச் சுட்டு வீழ்த்திய மறுகணமே புதரை விலக்கிக்கொண்டு மற்றொரு யானை அவர்மேற் பாய்ந்தது. துப்பாக்கி வெறுமையாயிருக்க, ஒரு மரத்தின் பின்னே ஒதுங்கி உயிர் தப்பினார். படிக்கச் சுவையான பகுதிதான். அப்பயணத்தில் தாம் கொன்றவை 296 என்றும், மகன் கெர்மிட் கொன்றவை 216 என்றும் இனம் இனமாகப் பட்டியலிட்டு நூலின் கடைசியில் சேர்த்திருக்கிறார். தோல்களைப் பதப்படுத்த நான்கு தொன் உப்பு உடன் சென்றது. பன்றித்தோல் அட்டை கட்டிய ஒரு சிறு நூலகமும் சென்றது. ஹோமரும் ஷேக்ஸ்பியரும் அடங்கிய அந்தப் பெட்டி ஒரு மனிதனுக்குரிய முழுச் சுமை. இவற்றையெல்லாம் சுமந்தோர் இருநூற்றுக்கு மேற்பட்ட ஆபிரிக்கர். யானை எத்தனை, வரிக்குதிரை எத்தனை என்று எண்ணத் தெரிந்த பட்டியலில், ஹோமரைத் தலையிற் சுமந்து மலை ஏறியவனுக்கு ஓர் வரி இல்லை.

ஆபிரிக்காவின் கதையை ஊவாவில் இருந்துகொண்டு நான் ஏன் கூறவேண்டும் என வாசகர் கேட்கலாம். அந்தப் பெருவேட்டைக்குப் பள்ளிக்கூடமாக அமைந்த இடங்களில் நம் மலைகளும் ஒன்று என்பதே காரணம். நைல் நதியின் மூலத்தைத் தேடிச் சென்று 1864 இல் அல்பேர்ட் ஏரியைக் கண்ட சாமுவேல் பேக்கர், அதற்கு முன்னர் நுவரெலியாவிலே பண்ணை அமைத்து 1855 வரை வாழ்ந்தவர். ஹோட்டன் சமவெளியில் இன்று உல்லாசப் பிரயாணிகள் படம் பிடிக்கும் பேக்கர் நீர்வீழ்ச்சி அவர் பெயரைத் தாங்கியதே. இங்கிலாந்திலிருந்து வேட்டைநாய்களைக் கப்பலில் வரவழைத்து, இந்த மலைகளில் மரை வேட்டையாடியவர் அவர். மரை என்று நாம் சொல்வதைத் தமிழகத்தார் கடமான் என்றும் மிளா என்றும் கூறுவர். நாய்கள் மரையைத் துரத்தி ஆற்று மடுவில் மறித்துக்கொள்ள, பேக்கர் கத்தியுடன் நீரில் இறங்கி அதைக் குத்துவார். துப்பாக்கியாற் கொல்வதை விட இது ஆண்மைக்குரியது என்பது அவருடைய கட்சி.

அவர் 1850களில் வெளியிட்ட நூலில் நாய்களுக்குப் பெயர் உண்டு: ஸ்மட், கில்பக், பிரான், லீனா. ஒவ்வொன்றின் குணமும் வீரமும் மரணமும் உருக்கமாக எழுதப்பட்டிருக்கின்றன. துப்பாக்கி தூக்கிய ஓரிருவரின் பெயரையும் பேக்கர் குறிப்பிடத்தான் செய்கிறார். அவ்வளவில் அவர் நேர்மையானவரே. எஞ்சியோர் எல்லோரும் 'கூலிகள்' என்னும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டனர்.

அக்காலத்துத் துப்பாக்கி எத்தகையது என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். வாய்வழி மருந்து கிடைத்துக் குண்டு போடும் துப்பாக்கி அது. ஒருமுறை சுட்டால் மறுபடி நிரப்புமுன் யானை வந்து மிதித்துவிடும். ஆகவே வேட்டைக்காரர் மூன்று நான்கு துப்பாக்கிகளை நிரப்பி ஆட்களிடம் கொடுத்து, தமக்குப் பின்னே நிற்க வைத்தனர். முன்னே யானை பாய்ந்து வருகிறது. துரை ஒன்றைச் சுட்டுவிட்டுக் கையைப் பின்னே நீட்டுகிறார். அந்தக் கையில் அடுத்த துப்பாக்கி இருந்தாக வேண்டும். நிரப்பிய ஆயுதம் கையிலிருந்தும் அதைச் சுட அனுமதியில்லாத மனிதன், ஓடவும் அனுமதியில்லாமல், நிற்கிறான். வீரம் என்ற சொல்லுக்கு நான் அகராதி எழுதுவதானால் இவனிடமிருந்தே தொடங்குவேன்.

பதுளைக்கு வருவோம். நகரின் நடுவே சென் மார்க் தேவாலயம் இருக்கிறது. 1857 இல் திறக்கப்பட்ட அழகிய சிறு கட்டடம். அது மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ் என்பவரின் ஞாபகார்த்தமாக எழுப்பப்பட்டது. இவர் இலங்கை ரைபிள் படைப்பிரிவைச் சேர்ந்தவர். பதுளையின் உதவி அரசாங்க அதிபர். அதே வேளையில் மாவட்ட நீதிபதியும் அவரே. இவர் கொன்ற யானைகள் ஆயிரத்து நானூற்றுக்கு மேல் என்று எமர்சன் டெனன்ட் 1859 இல் வெளியிட்ட தம் இலங்கை நூலிற் கூறுகிறார். 1845 ஜூன் 7 ஆம் திகதி ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். நுவரெலியாவில் இருக்கும் அவருடைய கல்லறையையும் பின்னர் மின்னல் தாக்கிப் பிளந்தது என்று ஜனங்கள் சொல்லுவர். யானைகளின் சாபம் என்பர். எனக்கு இந்தக் கதையில் நம்பிக்கை இல்லை. இடைப்பருவ மழைக்காலத்தில் மாலைதோறும் இடிமுழங்கும் இந்த மலையிலே, ஒரு யானையையும் கொல்லாத கொழுந்தெடுக்கும் பெண்களையும் மின்னல் கொன்றிருக்கிறது. மின்னலிடம் நியாயம் எதிர்பார்ப்பவர்கள் மனிதரிடம் கேட்கவேண்டியதைக் கேளாமல் விட்டுவிடுகிறார்கள்.

ரோஜர்ஸ் வெறும் விளையாட்டுக்காகக் கொன்றார் என்றும் கூறிவிட முடியாது. யானை பயிரை அழிக்கும். கமக்காரன் அதற்கு அஞ்சுவான். துரை வந்து சுட்டது அவனுக்கு ஓர் உதவியே என்று வாதிடுவோர் உளர். வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அந்தக் கமக்காரனின் நிலையையும் பார்க்கவேண்டும். 1817 இல் ஊவாவிலும் வெல்லஸ்ஸவிலும் எழுந்த கிளர்ச்சியை ஆங்கிலேயர் எவ்வாறு அடக்கினர்? கிராமங்களைக் கொளுத்தினர், நெற்களஞ்சியங்களை எரித்தனர், கால்நடைகளைக் கொன்றனர், நீர்ப்பாசனத்தைச் சிதைத்தனர். 1818 நவம்பரில் கெப்பெட்டிப்பொலவின் தலை வீழ்ந்தது. இலட்சம் வயல்கள் என்று பொருள்படும் பெயர் கொண்ட வெல்லஸ்ஸ காடாயிற்று. வயல் காடானால் யானை வரும். ஊரை அழித்த அரசே பின்னர் ஊரைக் காக்க யானையைச் சுட்டது என்றால், அந்த உதவிக்கு நன்றி கூறச் சிங்கள விவசாயி கொஞ்சம் தயங்கியிருப்பான்.

அரசு யானைத் தலைக்குச் சில ஷில்லிங் சன்மானமும் வழங்கிற்று. 1848 க்கு முந்திய மூன்றாண்டுக்குட்பட்ட காலத்தில் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்கும், 1851 முதல் 1856 வரை தென்மாகாணத்தில் 2,000 யானைகளுக்கும் சன்மானம் கொடுக்கப்பட்டதாக டெனன்ட் எழுதுகிறார். எண்ணிக் கொடுத்த பணம். ஆதலால் கணக்கு இருக்கிறது. அதே ஆண்டுகளில் தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு மன்னார்க் காட்டு வழியாக நடந்து வந்த நம் முன்னோர் வழியிலும் தோட்டத்திலும் எத்தனை பேர் மாண்டனர்? 1840களில் எழுபதினாயிரம் என்று கொழும்புப் பத்திரிகையொன்று 1849 இல் மதிப்பிட்டது. ஆய்வாளர் இன்றும் அந்த எண்ணைப் பற்றி வாதாடுகின்றனர். வாதாட இடமிருப்பதற்குக் காரணம், எவரும் எண்ணவில்லை என்பதே. மனிதத் தலைக்குச் சன்மானம் இல்லையல்லவா!

இனி என் வீட்டுக் கதை ஒன்று.

என் தாத்தா ஹப்புத்தளைச் சாரலில் ஒரு தோட்டத்து லயத்திற் பிறந்தவர். 1930 ஆம் ஆண்டையொட்டி, அவருக்கு இருபது வயதிருக்கும்போது, அத்தோட்டத்துப் பெரியதுரை பேக்கரின் வழியைப் பின்பற்றி நாய்கள் வைத்து மரை வேட்டையாடுபவராயிருந்தார். கோப்பி அதற்கு முன்பே அழிந்துவிட்டது. 1869 இல் மடுல்சீமையில் முதலிற் கண்ட இலைநோய் அதன் கதையை முடித்தது. தேயிலை வந்துவிட்டது, ரயில் பதுளை வரை வந்து ஆறேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. வேட்டை மட்டும் மாறவில்லை.

தோட்டத்து வழக்கை அறியாத வாசகருக்காக ஒன்று கூறவேண்டும். ஒரு நாள் வேலையைத் தோட்டத்தில் 'ஒரு பேர்' என்பார்கள். செக்ரோலில் ஒருவனுடைய பெயருக்கு எதிரே கணக்கப்பிள்ளை போடும் கோட்டுக்கு அந்தப் பெயர். முழுநாள் உழைத்தால் பேர். பாதிநாளோ, கொழுந்து நிறை குறைந்தாலோ, அரைப் பேர். 'இந்த மாசம் எத்தனை பேர்?' என்றுதான் ஒருவரை ஒருவர் கேட்பர். 1929 இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சக் கூலிப்படி மலைநாட்டில் ஓர் ஆண்மகனின் பேருக்கு விலை 54 சதம்.

வேட்டைக்கு முதல்நாள் பிரட்டில் கங்காணி பதினெட்டு ஆட்களைப் பொறுக்குவார். மறுத்தவனுக்கு மறுவாரம் முழுவதும் கான் வெட்டுத்தான். தாத்தா பொறுக்கப்பட்ட அந்த நாள் மாசிப் பனிக்காலம். பின்னிரவு மூன்று மணிக்கு எழுந்து, பாட்டி சுட்டுக் கொடுத்த இரண்டு ரொட்டியை மடியிற் கட்டி, சாயத்தண்ணி குடித்து, அட்டை கடிக்காமலிருக்கக் காலிலே சுண்ணாம்பும் புகையிலையும் அரைத்துப் பூசி, கறுப்புக் கம்பளியைத் தலைமேல் இழுத்து மூடிப் புறப்பட்டார். துரையும் அவருடைய விருந்தாளிகள் இருவரும் இதல்கஸ்ஹின்னவிலிருந்து ஒஹியவுக்கு ரயிலில் வருவதாக ஏற்பாடு. நாய்களும் ரயிலில். ஆட்கள் முன்னரே தண்டவாளத்தின் வழியே நடந்து சென்று காத்திருக்க வேண்டும். வழியெல்லாம் சுரங்கங்கள். இருட்டில் தண்டவாளத்தைக் காலால் தடவித் தடவி நடந்தார்கள்.

"நாய்க்கெல்லாம் டிக்கட்டு எடுத்தாங்கடா, எங்களுக்கு எடுக்கல," என்று தாத்தா சிரிப்பார். இந்த இடத்தில் அவர் சிரிக்கத் தவறியதே இல்லை.

ஒஹியவிலிருந்து மேலே காடு. காட்டுக்கு மேலே பத்தனைப் புல்வெளி. தாத்தாவுக்குக் கொடுத்தது துரையின் துவக்கும், ஒரு கட்டுக் கயிறும். துவக்கு தரையிற் படக்கூடாது, ஈரம் படக்கூடாது, துரை கை நீட்டும் தூரத்துக்கு அப்பாற் போகவும் கூடாது. துரைக்குக் காலில் ஆணி அடித்த சப்பாத்து. தாத்தாவுக்கு வெறுங்கால். பனி உறைந்த புல்லில் நடந்தபோது முதலில் கால் எரிந்தது என்றும், பிறகு எரிச்சல் நின்றுவிட்டது என்றும், அட்டை ஏறுவது தெரியாமற் போனதால் அதுவும் ஒரு வசதியே என்றும் கூறுவார். தகர டின்னும் தடியுமாகப் பத்துப் பேர் ஓடையின் இருபுறமும் வரிசையாய் இறங்கிக் கத்திக்கொண்டே போனார்கள். காட்டின் அடியிலிருந்து நாய்களின் குரல் எழுந்தது. அந்தக் குரல் இடமாகப் போனால் இடம் ஓடவேண்டும். வலமாகத் திரும்பினால் வலம். மரை நேராக ஓடாது. மேட்டிலிருந்து பள்ளம், பள்ளத்திலிருந்து மேடு, ஓடைக்குள் இறங்கி மோப்பத்தை அறுத்து மறுகரை ஏறும். காலை எட்டு மணிக்குத் தொடங்கிய ஓட்டம் நண்பகலைத் தாண்டியது. இடையில் இரண்டு ஆறுகளைக் கடந்தபோது துவக்கைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி மார்பளவு நீரில் நடந்தார். மடியிலிருந்த ரொட்டி கரைந்து போயிற்று.

நான் சிறுவனாய் இருந்தபோது கேட்டேன்: "பயமா இல்லையா தாத்தா?"

"பயப்பட எங்கடா நேரம்? கையில தொரையோட துவக்கு. அதக் கீழ போட்டா பேரு போயிரும்."

கடைசியில் ஒரு பாறைப் பள்ளத்து மடுவில் மரை திரும்பி நின்றது. பெரிய கொம்பன். நாய்கள் நீந்திச் சென்று கடித்தன. அது கொம்பை ஒருமுறை வீசியதில் ஒரு நாயின் விலா கிழிந்தது. துரை கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, கத்தியோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். துவக்கைக் கேட்கவே இல்லை. "தைரியமான மனுசன்தான்," என்று தாத்தா எப்போதும் ஒத்துக்கொள்வார். அவர் பேச்சில் அது ஏளனம் அன்று. அன்று முழுவதும் அவர் தாங்கித் திரிந்த துவக்கு ஒரு முறையும் வெடிக்கவில்லை என்பதையும் அதே குரலிற் சொல்வார்.

வேட்டை நூல்களில் இங்கே அத்தியாயம் முடிந்துவிடும். ஆட்களுக்கு வேலை இங்கேதான் தொடங்கியது. இருநூறு கிலோவுக்கு மேல் எடை வரக்கூடிய மிருகம் அது. பள்ளத்திலிருந்து அதை மேலே ஏற்ற வேண்டும். வாட்டம் சாட்டமாகக் கம்பு வெட்டி, கால்களைக் கட்டி, மேலே நால்வர் கயிற்றை இழுக்க, கீழே அறுவர் தோள் கொடுத்து நெட்டினார்கள். ஈரப் பாறையில் யாருக்கும் கால் நிற்கவில்லை. பாதி ஏறியதும் ஒரு கல் பெயர்ந்து உருண்டு தாத்தாவின் இடக்காலில் விழுந்தது. இரண்டு விரல்கள் நசுங்கின. தலைத்துண்டைக் கிழித்து இறுக்கிக் கட்டினார்கள். அவருடைய கம்பளியை வாங்கி, காயம்பட்ட நாயை அதில் ஏணை போற் கிடத்தி இருவர் சுமந்து ஸ்டேசனுக்கு ஓடினார்கள். நாய் மாலை ரயிலில் ஊர் சேர்ந்தது. தாத்தா இரு தோழர்களின் தோளைப் பிடித்துக்கொண்டு, வந்த சுரங்கங்களின் வழியே ஒற்றைக்காலால் நொண்டித் திரும்பி லயத்தை அடைந்தபோது ஊர் அடங்கிவிட்டது.

அன்றிரவு தோட்டத்து மருந்துக்காரர் பங்களாவுக்கு அழைக்கப்பட்டு நாய்க்குத் தையல் போட்டார். தாத்தாவின் காலை அவர் பார்த்தது மறுநாள் காலைப் பிரட்டு முடிந்த பின்பு. அந்த இரண்டு விரல்களும் அதன் பிறகு மடங்கவில்லை. இறைச்சியில் ஒரு பங்கு லயங்களுக்கு வந்தது, பாட்டி சமைத்தாள், எல்லோரும் உண்டார்கள். மாதக் கடைசியில் சம்பளத் தினத்தன்று கணக்கப்பிள்ளை செக்ரோலைப் பார்த்து வாசித்தபோது, அந்த நாளுக்கு எதிரே அரைப் பேர் விழுந்திருந்தது. நண்பகலுக்குப் பிறகு காயம்பட்டு வேலை செய்யவில்லை என்று கங்காணி அறிக்கை கொடுத்திருந்தார். 27 சதம்.

துரையின் பங்களா இப்போது உல்லாசப் பிரயாணிகளுக்கான விடுதி. சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு திருமண அலுவலாக அங்கே போக நேர்ந்தபோது, முன்மண்டபச் சுவரில் வரிசையாக மரைக் கொம்புகளைக் கண்டேன். சிலவற்றின் கீழே பித்தளைத் தகட்டில் சுட்டவர் பெயரும் திகதியும் இருந்தன. தாத்தாவின் நாளுக்குரிய கொம்பு அவற்றில் எது என்று கேட்டால் யாருக்குத் தெரியும்? அவர் பெயர் எழுதப்பட்டிருந்த ஏடுகள் இரண்டு. ஒன்று செக்ரோல். மற்றது வாக்காளர் இடாப்பு. 1948 இன் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தல் திருத்தமும் வந்தபின் அதிலிருந்து பெயர் போயிற்று. அதையும் அவர் 'பேர் போச்சு' என்றே சொன்னார்.

மிருகங்களின் பாதுகாப்புக்கான சட்டங்களும் இந்த வேட்டைக்காரர் காலத்திலேயே பிறந்தவை. யானையும் எருமையும் கண்டபடி கொல்லப்படுவதைத் தடுக்க 1891 இல் ஒரு சட்டம் வந்தது. 1894 இல் வேட்டை மிருகப் பாதுகாப்புச் சங்கம் தோன்றிற்று. அதைத் தோற்றுவித்தவர் பெரும்பாலும் தோட்டத்துரைமாரும் வேட்டைப் பிரியருமே. சுட மிருகம் இல்லாமற் போய்விடும் என்ற கவலைதான் முதலில் இருந்தது. கவலை எதுவாயினும் விளைவு நல்லதே. 1937 இன் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம், 1988 இல் தேசியப் பூங்காவான ஹோட்டன் சமவெளி ஆகியவற்றை நான் வரவேற்கிறேன். இன்று அங்கே மரைகள் மனிதனுக்கு அஞ்சாமல் தெருவோரம் மேய்கின்றன. யானைகள்தாம் இல்லை. அவை கீழே, வெல்லவாய மொனராகலைப் பக்கத்திலே, கரும்புக்கும் நெல்லுக்கும் இடையிற் சிக்கிச் சாகின்றன, விவசாயிகளையும் சாகடிக்கின்றன. 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஒவ்வோராண்டும் நாடெங்கும் நானூற்றுக்கு மேற்பட்ட யானைகளும் நூற்றுக்கு மேற்பட்ட மனிதரும் இவ்வாறு மாண்டனர்.

தோட்டங்களில் இன்று வேட்டை என்பது கம்பிக் கண்ணி. லயத்துப் பின்புறத்தில் ஒரு குடும்பம் இரண்டு பாத்தி போஞ்சியும் உருளைக்கிழங்கும் போடுகிறது. ஒரே இரவில் காட்டுப்பன்றி கிளறிவிடுகிறது. சைக்கிள் பிரேக் கம்பியை வளைத்து வேலி இடுக்கில் வைக்கிறார்கள். பன்றி விழும், சிலவேளை சிறுத்தை விழும். 2020 மே மாதம் நல்லதண்ணி லக்ஷபான தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை இப்படி அகப்பட்டு, உடவளவைக்குக் கொண்டுசெல்லப்பட்டும் பிழைக்கவில்லை. பத்திரிகைகள் துயரத்தோடு எழுதின, எழுதவேண்டியதுதான். கண்ணி கொடியது. கழுத்திலோ இடுப்பிலோ இறுகிய கம்பியோடு ஒரு மிருகம் இரவு முழுவதும் போராடுவதை நேரிற் கண்டவன் அதை நியாயப்படுத்தமாட்டான். நான் கண்டிருக்கிறேன், நியாயப்படுத்தவில்லை.

என்னிடம் சரித்திரம் படித்த மாணவி ஒருத்தியின் தந்தை வைத்த கண்ணியிலும் ஒரு சிறுத்தை விழுந்தது. அவர் கைதானார். பிணைக்கும் வழக்குக்குமாகத் தாயின் காதணி அடகுக்குப் போயிற்று; பிள்ளை மூன்று வாரம் பாடசாலைக்கு வரவில்லை. வந்த வாரத்தில் தற்செயலாக எங்கள் பாடம் ரோஜர்ஸின் தேவாலயத்தைப் பற்றியதாயிருந்தது. அவள் குற்றஞ்சாட்டும் கேள்வி எதுவும் கேட்கவில்லை. "ஆயிரத்து நானூறு எண்டு எப்படி சேர் எண்ணினாங்க?" என்று மட்டும் கேட்டாள். வேட்டைக்காரர் யானையின் வாலை அறுத்து எடுத்துக்கொள்வதுண்டு என்று பேக்கரின் நூலிலிருந்து சொன்னேன். அவள் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

அதன் பின்னர் எங்கள் பாடசாலை ஆசிரியர் சிலர் கூடி ஒரு விண்ணப்பம் எழுதினோம். லயத்துத் தோட்டங்களைச் சுற்றிப் பன்றி நுழையாத உறுதியான வேலி போட அனுமதி தரவேண்டும். கம்பிக்கும் தூணுக்கும் நாங்களே நிதி திரட்டுவோம். கண்ணி வைக்கமாட்டோம் என்று குடும்பங்கள் ஒவ்வொன்றும் கையெழுத்திட்டுத் தரும். நாற்பத்தொரு குடும்பங்கள் கையெழுத்திட்டன. சிலர் பெருவிரல் வைத்தனர். வனவிலங்கு அலுவலர் ஒருவரே வந்து தூண்கள் எங்கே நடலாம் என்று அளந்து காட்டிவிட்டுப் போனார், மனமுள்ள மனிதர்.

ஆறு வாரங்களுக்குப் பின்னர் தோட்ட நிர்வாகத்திடமிருந்து பதில் வந்தது. மூன்று வரி. குறிப்பிட்ட காணி தோட்டத்துக்குரியது. குடியிருப்பாளருக்கு அதில் உரித்து இல்லை. நிரந்தர வேலி அமைப்பது உரித்துக் கோருவதற்கு இடமளிக்கும் ஆதலால் அனுமதிக்க இயலாது.